சராசரி சார்

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். வேறொன்றும் அகப்படவில்லை. முத்து முத்தாக, ஒன்றோடொன்று இடிக்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். அந்தக் கையெழுத்தில் எதை எழுதினாலும் நிஜம் மாதிரியே இருக்கும். எங்கள் ஊருக்குப் பிடித்த சனியன் அந்தக் கையெழுத்துதான்.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம், தோல்பை ஒன்றும் குடை ஒன்றுமாகச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். புள்ளிவிவர இலாகாவில் இன்ஸ்பெக்டர். இந்த நாட்டு ஜனங்கள் ஒரு வருஷத்தில் எவ்வளவு பொருளைத் தின்று, உடுத்தி, எரித்துத் தீர்க்கிறார்கள், அதில் எவ்வளவைக் குப்பையாகக் கொட்டுகிறார்கள் என்று டெல்லியில் யாருக்கோ தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஊர்களைப் பொறுக்கியிருந்தார்கள். அந்தப் பொறுக்கலில் எங்கள் ஊரும் மாட்டிக்கொண்டது. நான் அப்போது ஊர்க்குப்பையைக் கவனிக்கிற ஆபீஸில் கிளார்க். உள்ளூர்ப் பயல், தெருவெல்லாம் தெரிந்தவன் என்று என்னை அவருக்குத் துணையாக அனுப்பி வைத்தார்கள்.

வந்த மூன்றாம் நாளே ஊரில் அவருக்குச் ‘சராசரி சார்’ என்று பெயராகிவிட்டது. எதற்கெடுத்தாலும் “சராசரி போட்டுக்கலாம்” என்பார். மெஸ்ஸில் சாம்பார் ஒரு நாள் உப்புக் கரிக்கும், மறுநாள் சப்பென்று இருக்கும். நாங்கள் மெஸ்காரரைத் திட்டுவோம். இவர் மட்டும் இலையைப் பார்த்தபடி, “ரெண்டு நாளையும் சேர்த்துப் பார்த்தா உப்பு சரியாத்தான் இருக்கு” என்பார். தமாஷ் செய்கிறார் என்று நினைத்து முதலில் சிரித்தேன். அந்த மனிதருக்குத் தமாஷ் என்றால் என்னவென்றே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி, ஆள் பார்க்க ஆபீசர் மாதிரி இருக்கிறாரே என்று இவரிடம் கேட்டாள்.

“சார், செவகிரி பஸ்ஸு எப்ப வரும்?”

எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர். தெரியாது, அங்கே கேளும்மா என்று சொன்னால் தலை இறங்கியா போய்விடும்? பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, “சராசரியா இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்” என்றார். அவள் பிள்ளைக்குப் பால் வாங்கப் போனாள். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் இந்தப்பக்கம் பஸ் வந்து போய்விட்டது. திரும்பி வந்தவள் அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் பொசுங்கியிருப்பார்கள்.

“நான் சராசரியாத்தானே சொன்னேன்? இன்னிக்கு முன்னாடியே போயிட்டா அதுக்கு நான் என்ன பண்ண?” என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

அவர் ‘தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய ஃபாரத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ராத்திரி சோறு இறங்காது. எதையாவது எழுதி அதை மூடிவிட்டால்தான் மூஞ்சியில் தெளிவு வரும்.

வீடு வீடாகப் போய் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு எரிக்கிறீர்கள் என்று கேட்கிற வேலை முதலில் நடந்தது. வீடு வீடாக என்று ஃபாரத்தில் இருந்தது. சார் நாய்க்குப் பயந்தவர், வெயிலுக்கும் பயந்தவர். ஒரு தெருவுக்கு இரண்டு வீடு போவார். மிச்ச வீட்டை எல்லாம் முக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடையைத் தின்றுகொண்டே நிரப்பிவிடுவார்.

போன இரண்டு வீட்டிலாவது ஒழுங்காகப் போனதா? ஒன்று நூல் வியாபாரி வீடு. வாசலைத் தாண்டும்போதே நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனை மூக்கில் ஏறுகிறது. அந்த வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “என்னத்தைச் சாப்பிடுதோம் சார், கஞ்சியும் தொவையலுந்தான். நெய்யெல்லாம் கண்ணால பாத்து ரொம்ப நாளாச்சு” என்றாள். சர்க்கார் ஆளிடம் உண்மையைச் சொன்னால் நாளைக்கு வரி ஆபீஸ்காரன் வந்து நிற்பான். கண் வேறு பட்டுவிடும்.

அடுத்தது ஒரு தறிகாரர் வீடு. பாவு நூல் கிடைக்காமல் தறி ஓடி நாளாகிவிட்டது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அந்தம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள்: “எங்களுக்கென்ன சார் கொறை? தெனமும் பருப்புக் கொழம்பு, பொரியல், அப்பளம். நெய் ஊத்தலேன்னா பிள்ளைக சாப்பிட உக்காராது.” வந்தவன் முன்னால் வயிற்றைக் காட்டிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

தெருவுக்கு வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். “சார், ரெண்டும் பொய். மாத்தி எழுதினா சரியா இருக்கும்.”

“அப்படியெல்லாம் மாத்தக் கூடாது தம்பி. ஒருத்தர் கூட்டிச் சொன்னா ஒருத்தர் குறைச்சுச் சொல்றாங்க. கூட்டி ரெண்டால வகுத்தா சரியாப் போச்சு” என்றார்.

தறிகாரர் வீட்டுப் பட்டினி நூல் வியாபாரி வயிற்றில் போய்ச் சேர்ந்தது. நாடு மொத்தமும் சாப்பிட்ட கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

குப்பைக் கேள்விதான் பெரிய கூத்து. “ஒரு நாளைக்கு உங்க வீட்டுல எவ்வளவு குப்பை போடுறீங்க?” என்று கேட்டதும் பெண்களுக்குக் கோபம் வந்துவிடும். “எங்க வீடு கூட்டாமக் கெடக்குன்னு எவ சார் சொன்னா? எதுத்த வீட்டுக்காரியா?” என்று சண்டைக்கு வந்தார்கள். சமாதானப்படுத்தி உட்காரவைத்து விசாரித்தால், காய்த்தோல் ஆட்டுக்குப் போகிறது. கழுநீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது. சாம்பல் ஏனம் விளக்க. தேங்காய்ச் சிரட்டை இஸ்திரி போடுகிறவருக்கு. பழைய பேப்பர் பலசரக்குக் கடைக்கு. கிழிந்த சேலை மெத்தைக்குள். ஈயம் பித்தளை பேரீச்சம்பழத்துக்கு. எல்லாம் போக மிஞ்சுவது வாசல் கூட்டிய மண்ணும் நாலு சருகும்தான். அதையும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் உரத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். சாருடைய பேனா கட்டத்துக்கு மேலே ஆடிக்கொண்டே நின்றது.

“அப்படி ஒரு வீடு இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு ஓர் எண்ணை எழுதினார்.

இடையில் அவருக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது. அம்மா கொடுத்த புழுங்கலரிசிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாராம். மேலதிகாரி அந்த ஃபாரத்தை ஆபீஸ் நடுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டி, “கண்ணு இல்லாதவனை எல்லாம் கணக்கெடுக்க அனுப்பியிருக்கான்” என்றாராம். இன்க்ரிமென்ட் நின்றுபோனதாம். “அன்னியிலேருந்து ஒரு கட்டத்தைக்கூட நான் காலியா விட்டதில்லை தம்பி” என்று கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை ரொம்ப நாள் வைத்திருக்க அவர் என்னை விடவில்லை.

காய்ச்சல் விட்டதும் ஊர்க்குப்பையை அளக்கக் கிளம்பினோம். எங்கள் ஆபீஸ் குப்பைக் கிடங்குக்குத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே குப்பை இல்லை, அருகம்புல் முளைத்திருந்தது. சார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. ஆடி பிறந்தால் கரிசல்காட்டு சம்சாரிகள் திருவேங்கடம் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வரும்போது பருத்திமார் ஏற்றி வருவார்கள். பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் காயப்போட்ட செடி அது. ஊரில் பாதி அடுப்பு அதில்தான் எரியும். அதை விற்றுவிட்டுத் திரும்பும்போது தெருக்குப்பையை அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் காட்டில் சிதறிவிட்டால் நல்ல உரம். எங்கள் ஆபீஸ் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள் தெரு சுத்தமாகிவிடும். இதை எல்லாம் நான் சாருக்கு ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன்.

“அப்படின்னா வண்டியை எண்ணிட்டாப் போச்சு” என்றார். திருவேங்கடம் ரோடு பிரிகிற முக்கில் வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். அது கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கிற வாரம்.

அந்த வேப்பமரத்து நிழலில் வழக்கமாக இருப்பவர் இசக்கி அண்ணாச்சி. செம்மறி மந்தை வைத்திருந்தார். ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம் கிடந்த மேய்ச்சல் புறம்போக்கில் ஆடுகளை விட்டுவிட்டு மரத்தடியில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஐப்பசியில் கரிசல் விதைத்துவிட்டால் வெள்ளாமை வீடு சேருகிற வரைக்கும் ஆடு எந்தக் காட்டிலும் கால் வைக்க முடியாது. அந்த மாதங்களில் மந்தைக்குக் கதி அந்தப் புறம்போக்கு ஒன்றுதான். அது இல்லை என்றால் ஆடு இல்லை, ஆடு இல்லை என்றால் இசக்கி அண்ணாச்சி இல்லை.

நாற்காலியைப் பார்த்ததும் அவர் நிழலை விட்டு வெயிலுக்கு நகர்ந்துகொண்டார். “ஆபீசர் இரியட்டும்” என்றார். தன் கலயத்து மோரில் பாதியைச் சாருக்கு ஊற்றிக் கொடுத்தார். சார் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எண்ண ஆரம்பித்தார். பாரம் ஏற்றி எது போனாலும் ஒரு கோடு. ஊரை விட்டுப் போகிற குப்பை வண்டிக்கு ஒரு கோடு. ஊருக்குள் வருகிற பருத்திமார் வண்டிக்கும் ஒரு கோடு.

“சார், சார்! அது பருத்திமாரு. வெறகு. அதை எழுதாதீங்க” என்றேன்.

“காய்ஞ்சு போன செடிதானே? பஞ்சை எடுத்தாச்சு, மிச்சம் கழிவு. விவசாயக் கழிவுன்னு தனிக் கட்டமே இருக்கு பாருங்க.”

வண்டிக்காரர் மாட்டை இழுத்து நிறுத்திவிட்டார். “எய்யா, கழிவை எவனாவது துட்டு குடுத்து வாங்கிச் சோறு பொங்குவானா? ஒங்க ஊர்ல பொங்குவாவளோ?”

சார் அதைக் காதில் வாங்கவில்லை. “ஒரு வண்டி எத்தனை கிலோ வரும்?” என்று கேட்டார்.

“வண்டி வண்டிதான். கிலோ என்ன கிலோ?”

சார் ஒரு எண்ணை எழுதிக்கொண்டார்.

தபசுக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து குவிந்தது. சாப்பிட்ட இலை, பூ, ஓலைப்பெட்டி, கரும்புச் சக்கை என்று தெருவெல்லாம் கிடந்தது. வண்டிகள் ஓயாமல் போயின. சார் உற்சாகமாகக் கோடு போட்டார். கூட்டம் கலைந்த பிறகு ஒரு வாரம் இருந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

“வருஷத்துல கூட்டம் இருக்கிற நாளும் இருக்கும், இல்லாத நாளும் இருக்கும். சராசரில சரியாப் போகும் தம்பி.”

“இல்லாத நாளை நீங்க பாக்கவே இல்லியே சார்?”

“அதுக்குத்தானே சராசரி?” என்றார். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அதோடு நிற்கவில்லை. நாற்காலியை மடக்குவதற்கு முன் இசக்கி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அந்தப் புறம்போக்கு யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்று விசாரித்தார். “யாருதும் இல்ல சார், சும்மா கெடக்கு. நம்ம ஆடுதான் மேயும்” என்றார் அவர் பெருமையாக. சார் குனிந்து எழுதினார். ‘உபயோகமற்ற தரிசு.’ நான் எட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்து.

சார் வேலையை முடித்துக்கொண்டு திருநெல்வேலி ஆபீஸுக்குப் போன சில மாதத்தில் மேலேயிருந்து காகிதம் வந்தது. அதில் போட்டிருந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடும். தலைக்கு இவ்வளவு குப்பை என்று ஒரு தொகை. எங்கள் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் பெரிய பட்டணத்துக்காரனை விட அதிகமாகத் தூக்கி எறிகிறான் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸ் தலைவர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார் என்றால் நம்புவீர்களா? குப்பை கூடினால் வசதி கூடியிருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். “நம்ம ஊரு முன்னேறிட்டுவே” என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்த காகிதம் பின்னாலேயே வந்தது. இத்தனை குப்பைக்குப் பழைய கிடங்கு போதாது. ரோட்டோரம் உபயோகமில்லாமல் கிடக்கிற தரிசை வளைத்துப் பெரிய கிடங்கு அமைக்க வேண்டும். முள்வேலிக்கும் பள்ளத்துக்கும் உத்தரவு.

இசக்கி அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“ஏ தம்பி, தண்டோரா போடுதானே, நெசமா? ஆட்டை எங்கன கொண்டு விடுவேன்?”

இருவரும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனோம். சார் அங்கே ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், காபி வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பருத்திமார் வண்டியைக் கழித்துவிடுங்கள், தபசுக் கூட்டத்தைக் கழித்துவிடுங்கள், இந்த மனிதரின் மந்தை பிழைத்துப் போகும் என்றேன். கையெடுத்துக் கும்பிடாத குறைதான். இசக்கி அண்ணாச்சி கும்பிட்டே விட்டார்.

சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதுதான் வயிற்றெரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“ஒரு எண்ணைக் குறைச்சா மத்த கட்டமெல்லாம் இடிக்கும் தம்பி. மாவட்டத்தோட கூட்டியாச்சு, மாநிலத்தோட கூட்டியாச்சு. இப்போ எங்கே போய் எதைப் பிரிக்க? அதுவுமில்லாம நான் எண்ணைத்தானே எழுதினேன்? இடத்தை எடுன்னு நான் எழுதலையே?”

“தரிசுன்னு எழுதினது நீங்கதான சார்?” என்றேன்.

“அவர்தானே சும்மா கிடக்குன்னு சொன்னார்?” என்று இசக்கி அண்ணாச்சியைக் கை காட்டினார்.

அண்ணாச்சி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் அவர் நின்றதை நான் மறக்கவில்லை. ஒரு மனுஷன் வாயாலேயே அவனுக்குக் குழி தோண்டிவிட்டு, அந்தப் பழியையும் அவன் தலையிலேயே போடுவதற்கு ஒரு தனிப் படிப்பு படித்திருக்க வேண்டும்.

இத்தோடாவது விட்டாரா? நாங்கள் எழுந்திருக்கும்போது மேஜை டிராயரைத் திறந்து ஏதோ ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

“வந்ததே வந்தீங்க. இதுல ஒரு கட்டம் பாக்கி. சொந்த உபயோகத்துக்கு வருஷத்துக்கு எத்தனை ஆடு அடிப்பீங்க?”

“நான் அடிக்கிறதில்ல சார். விப்பேன். வளத்த ஆட்டை அடிச்சுத் திங்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி.

“விசேஷத்துக்காவது?”

“இல்ல சார்.”

சார் கொஞ்சம் யோசித்துவிட்டு எதையோ எழுதி, பேனாவை மூடினார். அவர் முகத்தில் தெளிவு வந்தது.

மறு வருஷம் புரட்டாசியில் வேலி விழுந்தது. பெரிய பள்ளம் தோண்டினார்கள். திறப்பு விழாகூட நடந்தது, ஜிலேபி கொடுத்தார்கள். எல்லாம் ஆயிற்று, ஒன்றே ஒன்றுதான் குறை. போடுவதற்குக் குப்பை இல்லை. வழக்கம்போல் சம்சாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் நின்றது, தவளை கத்தியது. ஐப்பசியில் கரிசல் விதைப்பு முடிந்ததும் இசக்கி அண்ணாச்சி மந்தையோடு வேலிக்கு வெளியே நின்று உள்ளே வளர்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே விடச் சொல்லி நான் கேட்டதற்கு, சர்க்கார் கிடங்குக்குள் ஆடு மேய்ந்தால் தலைவர் வேலை போய்விடும் என்றார்கள். கார்த்திகை மார்கழி வரை ரோட்டோரத்தில் மேய்த்துப் பார்த்தார். லாரியில் இரண்டு ஆடு அடிபட்டது. விதைத்த காட்டுக்குள் புகுந்துவிட்டதென்று ஒரு நாள் மந்தையைப் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள். தை பிறக்கும் முன்னால் புளியங்குடி வியாபாரி ஒருவருக்கு மந்தையை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது கூடவே கொஞ்ச தூரம் நடந்து போனாராம். ஆடு தனியாகப் போகாது, அவர் குரல் கேட்டால்தான் போகும்.

பெரிய அதிகாரி ஒருவர் கிடங்கைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும் எங்கள் ஆபீஸுக்குப் பேதி கண்டது. இத்தனை வண்டி குப்பை என்று காகிதம் சொல்கிறது, பள்ளத்தில் தவளை இருக்கிறது. சம்சாரிகளிடம் போய், அள்ளிக்கொண்டு போன குப்பையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போனோம். நானும் போனேன், வெட்கம்தான். “கிறுக்குப் பிடிச்சிருக்காவே ஒங்களுக்கு? அது மண்ணோட மண்ணாப் போச்சு, பருத்தி மொளைச்சு நிக்கி” என்று விரட்டிவிட்டார்கள்.

பிறகு தலைவர் மூளையைக் கசக்கி ஒரு சட்டம் போட்டார். தெருக்குப்பை ஆபீஸுக்குச் சொந்தம். வெளி வண்டி ஊருக்குள் வந்து அள்ளினால் அபராதம். அடுத்த ஆடியில் வண்டிகள் முக்கிலேயே நிறுத்தப்பட்டன. அதற்கடுத்த ஆடியில் நாலைந்துதான் வந்தன. பிறகு யாரும் வரவில்லை. சம்சாரிகள் கடையில் மூட்டை உரம் வாங்கப் பழகிக்கொண்டார்கள். குப்பை அள்ளப் போக முடியாத ஊருக்குப் பருத்திமார் மட்டும் ஏற்றி வர யாருக்குக் கட்டுபடியாகும்? அதுவும் நின்றது. தெருவில் குப்பை தேங்கியது, கிடங்கு நிரம்ப ஆரம்பித்தது. கொஞ்ச வருஷத்தில் கடைகளில் பிளாஸ்டிக் பை வந்தது. அது கலந்த குப்பையைச் சும்மா கொடுத்தாலும் எந்தச் சம்சாரியும் தொடமாட்டான் என்று ஆயிற்று. சராசரி சார் எழுதிய எண்ணுக்கு ஊர் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் ஒரு தடவை வந்தார். இந்தமுறை ஜீப். தலை நரைத்திருந்தது, பதவி ஏறியிருந்தது. என்னை அடையாளம் கண்டு தோளில் கை போட்டார். கிடங்கைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். வேலியை மீறி மலை மாதிரி குவிந்து, ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது. பன்றிகள் கிண்டிக்கொண்டிருந்தன. கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரர் இசக்கி அண்ணாச்சி. மேய்ச்சல் நிலம் போனதற்குப் பரிகாரமாக எங்கள் ஆபீஸ் கொடுத்த தினக்கூலி வேலை. உள்ளே புகுந்து மேய்கிற ஆடுமாடுகளை விரட்டுவதுதான் உத்தியோகம். சாருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குவியலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை திருப்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

“பாத்தீங்களா தம்பி? அன்னிக்கு என்னோட என்னா சண்டை போட்டீங்க! நல்ல வேளை, அப்பவே இடம் பிடிச்சு வச்சோம். இல்லேன்னா இவ்வளவு குப்பையையும் எங்கே கொண்டு போய்க் கொட்டியிருப்பீங்க?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற ஆபீஸில் ஹெட் கிளார்க், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை, எதிரே மாவட்டத்து அதிகாரி. இதெல்லாம் இல்லாவிட்டால் அந்த மனிதரை அந்தக் குவியலுக்குள் தள்ளியிருப்பேன். அவர் காவல்காரரைக் கூப்பிட்டு, “நல்லாப் பாத்துக்கணும்பா” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் முக்கில் திரும்புகிற வரைக்கும் இசக்கி அண்ணாச்சி கைகட்டி நின்றார். பிறகு கேட்டைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்.

“இவரு அவருதான தம்பி? அந்தக் கணக்கெடுத்தவரு?”

“அவனேதான் அண்ணாச்சி.”

“பாவம், நாத்தத்துல ரொம்ப நேரம் நின்னுட்டாரு. குடிக்கத் தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.

அந்த மனசு எனக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை.